பழுது எங்கே இருக்கிறது?

(வெள்ளிவிழாவின் இரண்டாம் நாள், இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

     

படிப்பகத்தின் தொடக்க நாட்களைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எங்களைப் பணித்துள்ளனர். நிலம் வாங்கிய வரலாற்றையும், ஓட்டுக் கட்டடம் எழுந்த வரலாற்றையும், இரவுப் பாடசாலை நடந்த வரலாற்றையும் நேற்றுப் பேசிய பெரியோர்கள் சிறப்புற எடுத்துரைத்தனர். அவற்றை மீண்டும் கூறி உங்கள் பொறுமையைச் சோதிக்க விரும்பவில்லை. கண்காட்சி அறையில் கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில் வைக்கப்பட்டுள்ள ஒரு பொருளைப் பற்றி மட்டும் பேச எண்ணுகிறோம். உள்ளங்கை அகலமுள்ள பச்சை நிறப் பலகை அது. அதனருகே அட்டை கிழிந்த நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றும் இருக்கிறது. "மோடம், 2001" என்று சீட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

நேற்று மாலை அதனைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவன் ஒருவன், "ஐயா, இது என்ன?" என்று வினவினான். "கணிப்பொறியைத் தொலைபேசி வழியாகப் பேசவைத்த கருவி, தம்பி" என்றோம். அவன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "தொலைபேசியே கணிப்பொறிதானே ஐயா?" என்றான். அவன் கேட்டதில் தவறொன்றுமில்லை. அவன் பிறந்த காலம் அத்தகையது. ஆனால் அவனுக்கு நாங்கள் அளித்த விடை போதாது என்று இரவெல்லாம் தோன்றிற்று. அந்த விடையின் மீதிப் பகுதியே இந்த உரை.

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளையே அது கொண்டுசெல்லும். கணிப்பொறிக்கோ குரல் இல்லை. ஒன்று, சுழி என்னும் இரண்டே குறிகள். அக்குறிகளை ஒலியாக மாற்றிக் கம்பியில் அனுப்புவதும், எதிர்முனையிலிருந்து வரும் ஒலியை மீண்டும் குறிகளாக மாற்றுவதும் மோடத்தின் வேலை. மாடுலேட்டர், டிமாடுலேட்டர் என்னும் இரு சொற்களின் தலைகளை வெட்டி ஒட்டியதே மோடம் என்னும் பெயர். 1962-இல் அமெரிக்காவின் பெல் நிறுவனத்தார் வெளியிட்ட மோடம் நொடிக்கு 300 குறிகளை அனுப்பிற்று. 1981-இல் ஹேய்ஸ் என்னும் நிறுவனத்தின் மோடம் வந்தது. கணிப்பொறியிலிருந்தே மோடத்திற்குக் கட்டளையிடும் முறையை அது பரப்பிற்று. ஒவ்வொரு கட்டளையும் 'ஏ.டி.' என்னும் இரண்டெழுத்துகளுடன் தொடங்கும். 'கவனி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. வகுப்பில் நுழையும் ஆசிரியர் மேசையைத் தட்டுவது போல. 1998-இல் 56,000 குறிகள் வரை பெறும் மோடங்களுக்குப் பொதுவிதி வகுக்கப்பட்டது. நம் நாட்டில் 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனத்தார் மும்பை, தில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கினர். நம் காலனிக்கு அது வந்து சேர மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின.

2001-ஆம் ஆண்டு, சென்னையில் பணியாற்றிய நம் உறுப்பினர் ஒருவர், தம் அலுவலகத்தில் கழித்து ஏலம் விட்ட கணிப்பொறியொன்றை விலைக்கு வாங்கி, வைக்கோல் பரப்பிய வண்டியில் அனுப்பிவைத்தார். 486 வகையைச் சேர்ந்தது. விண்டோஸ் 95 நிறுவப்பட்டிருந்தது. அதனுள்ளேதான் அந்த மோடம் பலகை செருகப்பட்டிருந்தது. படிப்பகத்திற்குத் தொலைபேசி இணைப்பும் அவ்வாண்டே கிடைத்தது. இயந்திரத்தின் பொறுப்பு எங்கள் மூவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மூவரும் பட்டதாரி ஆசிரியர்கள். ஒருவர் தமிழ், இருவர் வரலாறு. அறிவியல் படித்தவர் எங்களுள் ஒருவரும் இல்லை.

ஆகவே நகரில் கணிப்பொறிப் பயிற்சி நிலையம் நடத்திய ஒருவரை அணுகினோம். மூன்று முறை வருவதாகக் கூறினார். நான்காம் முறை, "அந்தப் பக்கம் வருவதற்கு எனக்கு நேரமிருக்காது, சார்" என்றார். அந்தப் பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்பது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். திரும்பி வந்தோம். மோடத்துடன் வந்த முப்பது பக்க ஆங்கிலக் கையேட்டைத் தமிழாசிரியர் அகராதியை வைத்துக்கொண்டு படிக்க, மற்ற இருவரும் திருப்புளியை எடுத்தோம்.

முதற் பழுது விந்தையானது. மோடத்தை இயக்கியவுடன் சுட்டெலி அசைய மறுத்தது. கணிப்பொறியை நிறுத்தித் துவக்கினால் சுட்டெலி ஓடும். டயல் செய்தால் மீண்டும் நின்றுவிடும். சுட்டெலியைக் கழற்றித் துடைத்தோம். வேறு சுட்டெலி இரவல் வாங்கினோம். பயனில்லை. விடை கையேட்டின் ஐந்தாம் பக்கத்திலேயே இருந்தது. அக்காலக் கணிப்பொறிகளில் காம் 1 முதல் காம் 4 வரை நான்கு வாயில்கள் உண்டு. ஒவ்வொரு கருவியும் தனக்கு வேலை வந்ததும் மணியடித்து நடுச்செயலியை அழைக்க வேண்டும். ஆனால் நான்கு வாயில்களுக்கும் மணிகள் இரண்டே. காம் 1, காம் 3 இரண்டும் 4-ஆம் மணியையும், காம் 2, காம் 4 இரண்டும் 3-ஆம் மணியையும் பகிர்ந்துகொண்டன. எங்கள் சுட்டெலி காம் 1-இல். மோடம் காம் 3-இல். இரு வகுப்புகளுக்கு ஒரே மணி அடித்தால் எந்த வகுப்புப் பிள்ளைகள் எழுந்து ஓடுவார்கள்? அதே குழப்பம்தான்.

மோடம் பலகையில் ஜம்பர் என்னும் சிறிய கருப்பு மூடிகள் இருந்தன. அவற்றை இடம் மாற்றிச் செருகி மோடத்தைக் காம் 2-க்குக் கொண்டுவந்தோம். கணிப்பொறியில் ஏற்கெனவே இருந்த காம் 2-ஐத் தொடக்க அமைப்பில் முடக்கினோம். சொல்வதற்கு இரண்டு வரி. செய்வதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த மூடி அரிசியளவுதான் இருக்கும். ஒன்று கைதவறிக் கீழே விழ, சிமெண்டுத் தரையின் வெடிப்பில் பிற்பகல் முழுவதும் தேடினோம்.

இரண்டாம் பழுதில்தான் நாங்கள் பாடம் கற்றோம். டயல் செய்யச் சொன்னதும் 'நோ டயல் டோன்', அதாவது அழைப்பொலி இல்லை, என்று திரையில் வந்தது. பத்து முறை முயன்றாலும் அதே விடை. எங்களுக்குச் சினம் மூண்டது. 'காலனிக்குக் கொடுத்த இணைப்பாதலின் பழுதான இணைப்பைக் கொடுத்துவிட்டார்கள்' என்று முடிவு செய்தோம். தொலைபேசி நிலையத்திற்குக் காரசாரமானதொரு புகார் எழுதினோம். எழுதியது தமிழாசிரியர், நடை நன்றாகவே அமைந்தது.

மறுநாளே லைன்மேன் வந்தார். வயது ஐம்பதுக்கு மேலிருக்கும். அவருக்கு முன்பிருந்தவர் தெருமுனையிலேயே நின்று பேசிவிட்டுப் போகிறவர். இவரோ நேரே உள்ளே வந்து, திண்ணையில் அமர்ந்து, தம் பையிலிருந்த சோதனைத் தொலைபேசியைச் சுவரிலிருந்த ரோசெட் பெட்டியில் பொருத்தி, எங்கள் காதில் வைத்தார். டயல் டோன் மணிமணியாகக் கேட்டது. "லைன் நல்லா இருக்குங்க வாத்தியாரே" என்றார். எங்கள் புகாரைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தேநீர் அருந்திவிட்டுச் சென்றார். எங்களுக்குத்தான் தலை நிமிரவில்லை.

கம்பியில் குறையில்லை, அப்படியானால் மோடம் கெட்டதா? அதுவும் இல்லை. அமெரிக்க நாட்டில் டயல் டோன் என்பது 350, 440 ஹெர்ட்ஸ் கொண்ட இரு ஒலிகளின் கலவை. நம் நாட்டு நிலையங்களின் டயல் டோன் வேறு. எங்கள் மோடம் அந்நாட்டு ஒலிக்காகக் காத்துக்கொண்டிருந்தது. நம் ஒலி அதன் காதில் விழுந்தும் அதற்கு விளங்கவில்லை. 'ஏ.டி.எக்ஸ் 3' என்னும் கட்டளையைக் கொடுத்தால் டயல் டோனுக்குக் காத்திராமல் எண்ணைச் சுழற்றிவிடும் என்று கையேடு கூறிற்று. கொடுத்தோம். சுழற்றிற்று. கம்பி மீதும் குற்றமில்லை, மோடம் மீதும் குற்றமில்லை, எங்களுக்கு எதிராக எவரும் சதி செய்யவும் இல்லை. புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். அன்று எங்களுள் மூத்தவர் ஒரு விதி செய்தார். சோதித்துப் பாராமல் பழியை எவர் மீதும் போடுவதில்லை, நம் மீதும் போட்டுக்கொள்வதில்லை என்பதே அது. அந்த நோட்டுப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் அவர் கையெழுத்தில் இன்றும் அதனைக் காணலாம்.

இணைப்பு எப்படிக் கிடைக்கும் என்பதை மோடத்தின் சிறிய ஒலிபெருக்கி ஒவ்வொரு படியாகக் கேட்கச் செய்யும். அதனைக் கேட்டறியாத இளைஞர்களுக்காகச் சற்று விரித்துரைக்கிறோம். முதலில் டயல் டோன். அடுத்து எண்கள் செல்லும் ஒலி. இது இசைத்துண்டுகள் போல் கேட்டால் தொனி முறை. 'டிக் டிக்' என்று விட்டுவிட்டுக் கேட்டால் துடிப்பு முறை. பழைய சுழல்வகை நிலையங்களுக்குத் துடிப்பே விளங்கும், அங்கே 'ஏ.டி.டி.டி.' என்பதற்கு மாறாக 'ஏ.டி.டி.பி.' என்று கட்டளையிட வேண்டும். அடுத்து எதிர்முனையில் மணி. பின்னர் எதிர்முனை மோடம் எடுத்து, 2,100 ஹெர்ட்ஸ் கொண்ட நீண்ட ஊளையை எழுப்பும். அதன்பின் கிறீச்சொலியும் கரகரப்பும். 'உனக்கு எவ்வளவு வேகம் இயலும், இக்கம்பி எவ்வளவு தாங்கும்' என்று இரண்டும் ஒன்றையொன்று அளந்துகொள்ளும் ஒலி அது. கடைசியில் ஓலைக் கூரையில் பெருமழை விழுவது போன்ற இரைச்சல். பிறகு ஒலிபெருக்கி தானாக அடங்கும். அந்த அமைதிதான் வெற்றி.

சில மாதங்களில் எங்கள் மாணவர்கள் திரையைப் பார்க்காமலே பழுதைச் சொல்லிவிடுவார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்து எவரும் எடுக்கவில்லையெனில், எண்ணோ எதிர்முனையோ தவறு. ஊளை கேட்டு, கரகரப்பு மீண்டும் மீண்டும் தொடங்கி நின்றால், கம்பியில் இரைச்சல். எல்லா ஒலியும் முறையாக வந்து, அமைதியும் வந்து, அதன்பின் துண்டிக்கப்பட்டால், மோடத்தைக் குறைகூறுவதில் பயனில்லை; பெயரையோ கடவுச்சொல்லையோ பிழையாக அடித்திருப்பார்கள். பின்னர் விண்டோஸ் 98 வந்தபோது இவற்றுக்கு எண்களும் கிடைத்தன. 680 என்றால் டயல் டோன் இல்லை. 676 என்றால் எதிர்முனை வேறு அழைப்பில். 678 என்றால் விடையில்லை. 691 என்றால் கடவுச்சொல் பிழை. எங்களுக்கு என்னவோ எண்களைவிட ஒலியே எளிதாக இருந்தது.

இடையிடையே சிறு தொல்லைகளும் இல்லாமலில்லை. அதே கம்பியில் அலுவலக அறையிலும் ஒரு தொலைபேசி இருந்தது. அப்போதைய செயலாளர் அவர்கள் ஒலிவாங்கியை எடுத்து, "என்னப்பா, தொலைபேசிக்குள் அரிசி ஆலை ஓடுகிறதே!" என்பார். இங்கே இணைப்பு அறுந்திருக்கும். கணிப்பொறிக்கு வெளியே வைக்கும் மோடமாயின் வேறொரு தொல்லை. பழைய 486 பொறிகளின் வாயிலில் உள்ள சில்லு ஒரே ஓர் எழுத்தைத்தான் தாங்கிக்கொள்ளும். நடுச்செயலி வந்து எடுக்குமுன் அடுத்தது வந்துவிட்டால் முன்னது போயிற்று. 16550 என்னும் எண்ணுடைய சில்லு பதினாறு எழுத்துகளைத் தாங்கும். அது இல்லாத பொறியில் வாயிலின் வேகத்தை 19,200-ஆகக் குறைத்தால் ஒழுங்காக ஓடும்.

மற்றொரு தவற்றையும் ஒப்புக்கொள்கிறோம். ஒருநாள் இணைப்பு கிட்டவில்லை என்று பொறுமையிழந்து, ஒரே நேரத்தில் கம்பியை மாற்றி, அமைப்பை மாற்றி, ஜம்பரையும் மாற்றினோம். வேலை செய்தது! கைதட்டினோம். இரண்டு நாளில் மீண்டும் நின்றது. முன்பு எது சரிசெய்தது என்பது எங்களுக்குத் தெரியவில்லை. மூன்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுப் பார்க்க ஒரு வாரம் பிடித்தது.

இனி அந்த நோட்டுப் புத்தகத்திற்கு வருவோம்.

2002-ஆம் ஆண்டு ஐப்பசி, கார்த்திகை மழையில் இணைப்பு அடிக்கடி அறுந்தது. சில நாட்களில் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. ஆனால் தொலைபேசியில் பேசினால் குரல் கேட்டது. இரைச்சல் சிறிது இருந்தது, அவ்வளவே. தொலைபேசி நிலையத்தில் அதிகாரியைச் சந்தித்தோம். "குரல் கேட்கிறதல்லவா? பிறகென்ன? கணிப்பொறியை இயக்கத் தெரியாமல் லைனைக் குறை சொல்கிறீர்கள். உங்கள் ஆட்களுக்கு முதலில் யாரையாவது வைத்துச் சொல்லிக் கொடுங்கள்" என்றார். முந்தைய புகாரைத் திரும்பப் பெற்றதையும் நினைவூட்டினார். எங்களுடன் வந்திருந்த பத்தாம் வகுப்புப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். வரும் வழியில், "நமக்குத்தான் தெரியலையா சார்?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு ஆறுதல் கூறி விடையளிக்க முடியும். நாங்கள் அவ்வாறு செய்யவில்லை. "தெரியவில்லை தம்பி, பார்ப்போம்" என்றோம். அன்று மாலையே நோட்டுப் புத்தகம் தொடங்கிற்று. தேதி, நேரம், மழையா வெயிலா, கிடைத்த வேகம், எத்தனை நிமிடத்தில் அறுந்தது என ஐந்து பத்திகள். தொடக்கத்தில் திரை எப்போதும் 115,200 என்றே வேகத்தைக் காட்டியதில் நாங்கள் மகிழ்ந்து போயிருந்தோம். அது கணிப்பொறிக்கும் மோடத்திற்கும் இடைப்பட்ட வேகம் என்பதும், கம்பியின் வேகம் அதுவன்று என்பதும் பின்னரே தெரிந்தது. கையேட்டில் கண்ட இன்னொரு கட்டளையைச் சேர்த்தபின் உண்மை வேகம் வந்தது. பையன்கள் முறைவைத்து எழுதினார்கள். ஒருவன் மழை என்ற பத்தியில் 'தூறல்', 'நசநசப்பு', 'அடைமழை' என்று தரம் பிரித்தே எழுதினான். ஆறு வாரங்களில் படம் தெளிவாயிற்று. காய்ந்த நாட்களில் 31,200. ஒரு மணி நேரமும் நிற்கும். மழை நாட்களில் 14,400, சில வேளை 9,600. பத்து நிமிடத்திற்குள் அறுந்துவிடும். மழை நின்ற மறுநாளும் மோசம். இரண்டு நாள் வெயிலடித்தால் சரி.

எனினும் இது போதாது. மழையில் எங்கள் பொறியே ஈரத்தால் கெடுகிறது என்று அவர்கள் கூறலாமல்லவா? ஊர்ப்பகுதியில் எங்களுடன் பணியாற்றிய ஆசிரிய நண்பர் ஒருவர் இருந்தார். அவர் வீட்டுத் தொலைபேசியும் அதே நிலையத்தைச் சேர்ந்தது. அடைமழை நாளொன்றில் எங்கள் கணிப்பொறியைச் சாக்கில் சுற்றி, மாட்டு வண்டியில் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனோம். அவர் மனைவியார் கூடத்தில் மேசையை ஒழித்துக் கொடுத்தார். அதே பொறி, அதே மோடம், அதே மழை, அதே நிலையம். 31,200-இல் இணைந்து ஒரு மணி நேரம் அசையாமல் நின்றது. மாற்றியது கம்பி ஒன்றைத்தான். அந்தப் பத்தாம் வகுப்புப் பையன்தான் நோட்டில் எழுதினான். எழுதி முடித்து எங்களைப் பார்த்தான். அந்த முகத்தை நாங்கள் மறக்கவில்லை.

மனுவுடன் நோட்டின் பக்கங்களைப் படியெடுத்து மூன்று இடங்களுக்குப் பதிவஞ்சலில் அனுப்பினோம். இம்முறை நடையில் காரம் இல்லை, எண்கள் மட்டுமே. மூன்றாம் வாரம் அதே லைன்மேன் ஏணியுடன் வந்தார். கம்பத்திற்குக் கம்பம் ஏறிப் பார்த்தார். ஊர்ப்பகுதிக்கு நிலத்தடிக் கேபிள் சென்றிருந்தது. ஊர்க்கோடியில் இருந்த கடைசி டி.பி. பெட்டியுடன் அது முடிந்துவிட்டது. அங்கிருந்து நம் படிப்பகம் வரை ஏரிக்கரை ஓரமாகக் கம்பம் கம்பமாகத் தொங்கியது வெறும் ட்ராப் வயர். அதுவும் ஒரே துண்டன்று. மிச்சத் துண்டுகளை முறுக்கி இணைத்து நாடா சுற்றிய ஐந்து ஒட்டுகள். நாடா இற்றுப்போய், செம்பு பச்சை பிடித்திருந்தது. மழைநீர் ஒட்டில் இறங்கும்போது இரு கம்பிகளுக்கிடையே கசிவு ஏற்பட்டுச் சமிக்ஞை தேய்ந்துவிடும். மனிதக் காது இரைச்சலுக்கிடையேயும் சொல்லை ஊகித்துக்கொள்ளும். 'வணக்கம்' என்பதில் ஓர் எழுத்து விழுந்தாலும் நமக்கு வணக்கம்தான். மோடத்திற்கு அந்த ஊகம் கிடையாது. அந்தக் குறுகிய பாதை முழுவதையும் விளிம்பு வரை நிரப்பி அது பேசுகிறது. இரைச்சலில் குறி தவறினால் திரும்பக் கேட்கும், தவறு மிகுந்தால் வேகத்தைக் குறைக்கும், முடியாதபோது கைவிட்டுவிடும். ஆகவே குரல் கேட்கிறது என்று அதிகாரி கூறியது உண்மை. அதனால் கம்பி நல்ல கம்பி என்று ஆகிவிடாது.

ஐந்து ஒட்டுகள் ஏன் வந்தன என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குடிநீர்க் குழாய் எங்கே நின்றதோ, தார்ச்சாலை எங்கே நின்றதோ, அதே ஊர்க்கோடியில்தான் கேபிளும் நின்றிருந்தது. ஆனால் குழாய்க்கும் சாலைக்கும் நாம் பலமுறை மனுக் கொடுத்தும் கிடைக்காத பதில், இதற்குக் கிடைத்தது. முதலில் ஒரே துண்டாகப் புதிய கம்பி இழுத்தார்கள். அடுத்த கோடையில் நம் தெருமுனையிலேயே டி.பி. பெட்டி வைத்தார்கள். அதன்பின் காலனியில் பதினொரு வீடுகளுக்குத் தொலைபேசி வந்தது.

2003-ஆம் ஆண்டு பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த நாளைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. அதுவரை நம் பிள்ளைகள் முடிவு பார்க்க நகரத்துக்குப் பேருந்தேறி, பிரௌசிங் சென்டரில் காசு கொடுத்து, வரிசையில் நின்று வருவார்கள். அந்த ஆண்டு பதினேழு பிள்ளைகள் தம் பதிவெண்ணைச் சீட்டில் எழுதி எங்களிடம் கொடுத்திருந்தார்கள். பெற்றோர்கள் காலை எட்டு மணிக்கே திண்ணையில் அமர்ந்துவிட்டனர். இணைப்பு உடனே கிடைத்தது. ஆனால் முடிவுப் பக்கம் திறக்கவில்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம். "நம்ம பொறி மறுபடியும் கெட்டுப்போச்சு" என்று எவரோ சொன்னார்கள். ஒரு தந்தை மகளை அழைத்துக்கொண்டு பேருந்துக்குப் புறப்பட்டுவிட்டார்.

'பிங்' என்றொரு கட்டளை உண்டு. ஒரு முகவரிக்குச் சிறு செய்தியை அனுப்பி, 'இருக்கிறாயா' என்று கேட்கும். இருந்தால் விடை வரும், எத்தனை மில்லி வினாடியில் வந்தது என்பதும் தெரியும். முதலில் எங்கள் இணையச் சேவையாளரின் பொறிக்கு, எண் முகவரியைக் கொண்டு அனுப்பினோம். நான்கு விடைகளும் வந்தன. ஆகவே மோடமும் கம்பியும் நலம். அடுத்து, பெயர் முகவரியைக் கொண்டு வேறொரு தளத்திற்கு அனுப்பினோம். விடை வந்தது. ஆகவே பெயரை எண்ணாக்கும் பணியும் நலம். வேறொரு பக்கமும் மெதுவாகத் திறந்தது. முடிவுப் பக்கம் மட்டுமே திறக்கவில்லை. மாநிலம் முழுவதும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டிருக்கிறது என்பது தெரிந்தது. ஓடிப்போய் அந்தத் தந்தையை நிறுத்தி, "ஐயா, நகரத்திலும் இதே கதவுதான் மூடியிருக்கிறது, இங்கேயே இருங்கள்" என்றோம். எங்களை நம்பலாமா என்று ஒரு நொடி யோசித்தார். பிறகு திரும்பி வந்து அமர்ந்தார். பதினொன்றே கால் மணிக்குப் பக்கம் திறந்தது. முதலில் வந்தது அவர் மகளின் மதிப்பெண்ணே. அம்மகள்தான் இதோ, நம் சங்கத்தின் பொருளாளராக இம்மேடையில் அமர்ந்திருக்கிறார். அவர் சிரிப்பதைப் பார்த்தால் நினைவிருக்கிறது போலும்.

இவை யாவும் கழிந்த கதை. அமெரிக்காவில் பல இலட்சம் வீடுகளுக்கு இச்சேவையை அளித்துவந்த ஏ.ஓ.எல். நிறுவனமும் 2025 செப்டம்பர் 30 அன்று தன் டயல்-அப் சேவையை நிறுத்திவிட்டது. உங்கள் கையிலுள்ள கருவிக்கு ஊளையும் இல்லை, கரகரப்பும் இல்லை. ஆயினும் சென்ற மாதம் உதவித்தொகை விண்ணப்பம் போடச் சென்ற நம் பிள்ளைகள் இருவர், 'சர்வர் டவுன்' என்று கூறப்பட்டு மூன்று நாள் திரும்பி வந்தார்கள். நான்காம் நாள், 'உன் விவரம்தான் தவறு' என்றார்களாம். எது உண்மை? வேறு பக்கம் திறந்ததா? வேறு இணைப்பில் முயன்றீர்களா? எந்தப் பிழை எண் வந்தது, எழுதிக்கொண்டீர்களா? என்று கேட்டோம். எழுதவில்லை என்றார்கள். அவர்கள் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம்.

நிறைவாக ஓர் அறிவிப்பு. படிப்பகத்தின் பின்னறையில் அந்த 486 பொறியும், பின்னால் நன்கொடையாக வந்த மற்றொரு பழம்பொறியும் சாக்குக்குள் கிடக்கின்றன. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டையும் திறக்கப் போகிறோம். தொலைபேசி நிலையத்தை அழைக்க இனி வழியில்லை. ஆனால் இரு மோடங்களையும் ஒரே தொலைபேசிக் கம்பியால் நேராக இணைத்து, ஒன்றில் 'ஏ.டி.எக்ஸ் 1 டி' என்றும் மற்றொன்றில் 'ஏ.டி.ஏ.' என்றும் தட்டினால் சில மோடங்கள் ஒன்றோடொன்று பேசும். நம்முடையவை பேசுமா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும். கண்ணாடி அலமாரிச் சாவியைச் செயலாளரிடம் கேட்டு வாங்கிவிட்டோம். வர விரும்பும் மாணவ மாணவியர் நல்ல திருப்புளி ஒன்றும், தூசி தட்ட ஒரு தூரிகையும் கொண்டுவரவும். உள்ளே பல்லி முட்டை இருக்கலாம், அஞ்ச வேண்டாம்.